அத்திமரம் குடித்த பால்

குறைமாசத்தில் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிற பெண்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் பாலை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். நடக்க முடியாவிட்டால் தவழ்ந்து போங்கள். பெற்ற தாயிடம்கூடக் கொடுத்தனுப்பாதீர்கள். நான் கொடுத்தனுப்பினேன். என்ன நடந்தது என்பதை நடந்தபடி எழுதுகிறேன். நான் நாலாவது வரை படித்தவள், தறிக்காரர் வீட்டுப் பெண். நயமாக எழுத எனக்கு வராது.

அது உலகச் சண்டைக் காலம். நூலும் கிடைக்காது, அரிசியும் கிடைக்காது. என்னை ராசிபுரத்தில் கொடுத்திருந்தார்கள். முதல் பிரசவம் என்பதால் ஏழாம் மாசம் முடிந்ததும் ஆட்டையாம்பட்டிக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். வந்த பத்தாம் நாள் வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி வந்தாள். குழந்தை சிரமமில்லாமல் வந்தது. நஞ்சுக்கொடி வரவில்லை. கையை உள்ளே விட்டு எடுத்தாள். அந்தக் கையை அவள் கழுவினாளா என்று யாரும் பார்க்கவில்லை. வாசலில் சாணி மிதித்துவிட்டு வந்தவள் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

பெண் குழந்தை. என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. தோல் சிவந்து, முதுகெல்லாம் மெல்லிய மயிர். அழுதால் பக்கத்தில் படுத்திருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மார்பில் வைத்தால் வாய் திறக்கும், சப்பத் தெரியாது. எப்படியும் முதல் மூன்று நாள் பாலை யாரும் கொடுப்பதில்லை. மஞ்சளாகப் பிசின் மாதிரி வருமே, அதைக் கெட்ட பால் என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் பிழிந்து கொட்டிவிடுவார்கள். என்னுடையதையும் கொட்டினார்கள். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் துணித்திரியில் நனைத்து உதட்டில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் எனக்குக் குளிர் எடுத்தது. பல் கிட்டியது. அடிவயிற்றைத் தொட்டால் உயிர் போயிற்று. அண்ணன் மறுநாள் விடியலில் வண்டி கட்டினான். அம்மாவும் கூட வந்தாள். உச்சிப் பொழுதுக்குச் சேலம் சேர்ந்தோம். மிஷன்காரர்கள் நடத்திய பெண்கள் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம்.

வெள்ளைக்கார டாக்டரம்மா என் வயிற்றை அமுக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள். பிரசவ ஜன்னி என்றாள். பிள்ளை பெற்ற புண்ணில் அழுக்குப் புகுந்து, சீழ் பிடித்து, ரத்தம் வரைக்கும் ஏறுவதுதான் பிரசவ ஜன்னி. அப்போது புதிதாக ஒரு வெள்ளை மாத்திரை வந்திருந்தது. நாலு மணிக்கொரு தரம் விழுங்கினேன், விழுங்கியதில் பாதியை வாந்தியெடுத்தேன். அந்த மாத்திரை இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்தால் எங்கள் தெருவில் மூன்று பெண்கள் உயிரோடு இருப்பார்கள்.

குழந்தையையும் என்னையும் உடனே பிரித்தார்கள். காய்ச்சல்காரிகளுக்கு முற்றத்தின் ஒரு கோடியில் ஓட்டுக் கொட்டகை. குழந்தைகள் அறை இன்னொரு கோடி. காய்ச்சல்காரி அங்கே போகக்கூடாது, கூட வந்தவர்களும் உள்ளே போகக்கூடாது, ஜன்னலோடு நின்றுவிட வேண்டும். அதுதான் சட்டம். என் குழந்தையை ஒரு மரப்பெட்டியில் பஞ்சு பரப்பிப் படுக்கவைத்து, இரண்டு பக்கமும் சுடுதண்ணீர்ப் புட்டிகளைத் துணி சுற்றி வைத்தார்கள். குறைமாசப் பிள்ளைக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஆஸ்பத்திரியில் எதையுமே யாரும் சொல்வதில்லை.

குழந்தைகள் அறை நர்ஸ் பெயர் எஸ்தர். தெற்கத்திக்காரி. அன்று சாயங்காலம் கொட்டகைக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"பால் இருக்கா?"

"மூணு நாளாப் பிழிஞ்சு கொட்டினாங்களுங்க."

"எந்த மடச்சி கொட்டச் சொன்னா?"

"நாந்தானுங்க," என்றாள் அம்மா.

எஸ்தர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "இனிமே ஒரு சொட்டு கீழ விழக்கூடாது. டின் பால் ஊர்ல கிடையாது, கப்பல் வரலை. இவ பால்தான் அந்தப் பிள்ளைக்கு. புரியுதா?"

பால் எடுக்க அவள்தான் கற்றுக்கொடுத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காம்பைப் பிடித்து இழுக்கக்கூடாது. கறுப்பு வட்டத்துக்கு வெளியே கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அமுக்கி, பிறகு சேர்த்துப் பிழிய வேண்டும். முதல் தடவை பத்துச் சொட்டுதான் வந்தது. நான் அழுதேன். "அழுதா அதுவும் நின்னுடும்," என்றாள். அவளிடம் கனிவு கிடையாது. ஆனால் என் பின்னால் உட்கார்ந்து, சுடுதண்ணீர் ஒற்றடம் கொடுத்து, அரைமணி நேரம் என் கையைப் பிடித்துப் பழக்கியவள் அவள்தான்.

பக்கத்துக் கட்டிலில் தம்மம்பட்டிப் பக்கத்துக் கூலிக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் சின்னப்பொண்ணு. செத்துப் பிறந்த பிள்ளை, அதன் பிறகு என்னைப் போலவே காய்ச்சல். அவள் தண்ணீர்க் குடத்தை அம்மா தொடமாட்டாள். எஸ்தர் போனதும் சின்னப்பொண்ணு சொன்னாள்: "அந்தம்மா மாட்டுச் சந்தையில இருக்க வேண்டியது. பார்வையே அப்படித்தான் இருக்குது. எத்தினி படி கறக்கும்னு பாக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு வலித்தது. ஆனாலும் சிரித்தேன்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை மணி அடிக்கும். மணி அடித்ததும் நான் கண்ணாடித் தம்ளரில் பால் எடுப்பேன். அம்மா அதை முந்தானையால் மூடி, முற்றத்தைக் கடந்து, குழந்தைகள் அறை ஜன்னலில் கொடுத்துவிட்டு வருவாள். முற்றத்தின் நடுவில் ஒரு அத்திமரம். எஸ்தர் அந்தப் பாலை மருந்து சொட்டும் கண்ணாடிக் குழாயால் குழந்தையின் நாக்கில் ஒவ்வொரு சொட்டாக விடுவாள். இரண்டு ஸ்பூன் கொடுக்கக் கால் மணி நேரம் ஆகுமாம். ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் எஸ்தர் முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினாள்: "பாவாயி, ரெண்டு அவுன்ஸ் ஏறியிருக்கா உன் மக."

அவள் சந்தோஷமாகச் சொன்னது அது ஒன்றுதான். நான் அதை இன்னும் காதில் வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே அம்மா ஜன்னலில் அதைப் பார்த்துவிட்டாள். கரியடுப்பின்மேல் ஒரு சட்டி, சட்டியில் கொதிக்கிற தண்ணீர், அதற்குள் என் பால் தம்ளர். திரும்பி வந்தவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உம் பாலை அடுப்புல வெக்கறாங்க, சாமி."

"என்னத்துக்கும்மா?"

"கேட்டேன். போம்மா அக்கட்டால, உனக்கு என்ன தெரியும்னு தொரத்துறா. தாயிப்பாலு நெருப்பக் கண்டா பெத்தவ மாரு காஞ்சு போயிரும்னு அவளுக்கு என்ன தெரியும்? அவ என்ன புள்ள பெத்தவளா?"

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த பயம். அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கமாட்டார்கள். அதிகப் பாலைப் பிழிய நேர்ந்தால் ஆலோ அத்தியோ, கீறினால் பால் வடிகிற மரத்தடியில்தான் ஊற்றுவார்கள். அங்கே ஊற்றினால் மார்பு வற்றாது என்று நம்பிக்கை. அம்மாவின் சின்னக்காவுக்குப் பால் பிழியும்போது அடுப்பில் தெறித்துவிட்டதாம். அடுத்த நாளே மார்பு வற்றிப் பிள்ளை செத்ததாம். அந்தப் பிள்ளையை அம்மா தன் மடியில் வைத்திருந்தாளாம். இதை அவள் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நானும் நம்பினேன். அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலை என் இடது மார்பு கல்லாகிவிட்டது. ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டது. பால்கட்டு. உள்ளே தங்கிய பால் வெளியே வர வழியில்லாமல் வீங்குவதுதான் அது. பிள்ளை வாய் வைத்துக் குடிக்காத மார்பில் சாதாரணமாக வரும். ஒற்றடம் கொடுத்து விடாமல் பிழிந்தால் இரண்டு நாளில் கரையும். இப்போது எனக்கு இவ்வளவு தெரியும். அன்று தெரியாது. அன்று நான் சொன்னது இதுதான்:

"எரியுதும்மா. நெருப்ப வெச்ச மாதிரி எரியுது."

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

அம்மா என் மார்பைப் பார்த்தாள். "செரி சாமி. நாம் பாத்துக்கறேன். நீ கம்முனு படு," என்றாள்.

அன்று முதல் நான் கொடுத்தனுப்பிய பால் ஒரு சொட்டும் என் குழந்தைக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தி கழுதையைக் கட்டிவைத்துக்கொண்டு பால் விற்பாள். எங்கள் ஊர்களில் பிறந்த குழந்தைக்குச் சளிக்கும் மாந்தத்துக்கும் கழுதைப்பால் கொடுப்பது வழக்கம். அம்மாவுக்கு அதில் தப்பே தெரியவில்லை. என் தம்ளரை வாங்கிக்கொண்டு அத்திமரத்துக்குப் போவாள். பாலை மரத்தடியில் ஊற்றிக் கும்பிடுவாள். தம்ளரைக் கழுவிவிட்டு, மடியில் மறைத்து வைத்திருந்த பித்தளைச் செம்பிலிருந்து கழுதைப்பாலை ஊற்றி நிரப்பி ஜன்னலில் கொடுப்பாள். அதை எஸ்தர் எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சட்டும். கழுதையின் மடி வற்றினால் அம்மாவுக்கு என்ன?

கழுதைப்பால் நீர்த்து, லேசாக நீலம் ஓடியிருக்கும். தாய்ப்பாலும் அப்படித்தான் இருக்கும். எஸ்தர் கண்டுபிடிக்கவில்லை. அந்த அறைக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ்.

எஸ்தர் முற்றத்தைத் தாண்டிக் கத்துவது நின்றுவிட்டது. நான் அம்மாவிடம் கேட்பேன், "எடை என்னவாம்மா?" "நல்லா இருக்குதாம்," என்பாள். அவளுக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவளும் கேட்டிருக்கமாட்டாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்தார். கரிப்புகை பஸ்ஸில் வந்து முகமெல்லாம் கறுத்திருந்தது. வாய் கசப்புக்கு இரண்டு எலுமிச்சம்பழமும், ராசிபுரத்தில் நான் விட்டுவந்த சீப்பும் கொண்டுவந்திருந்தார். சீப்பை யாரும் கேட்கவில்லை. அவராகவே நினைத்துக்கொண்டு எடுத்து வந்தார். ஜன்னலில் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"எப்படி இருக்குதுங்க?"

"கண்ணத் தொறந்து என்னப் பாத்துச்சு புள்ள," என்றார். பிறகு, "ரொம்பச் சின்னதா இருக்குது," என்றார். பிற்பாடுதான் சொன்னார், அன்று துணியை விலக்கிக் காட்டியபோது தொடைத்தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியதாம்.

அடுத்த நாள் எஸ்தர் கொட்டகைக்கு வந்தாள். கையில் நீளத் துணி.

"மூணு நாளா பேதியாகுது. ஏறின எடை இறங்கி, பிறந்த எடைக்கும் கீழ போயிட்டா. உன் காய்ச்சல் பால் பிள்ளைக்கு ஒத்துக்கலைன்னு டாக்டரம்மா சொல்றாங்க. இனிமே உன் பால் வேண்டாம். பசும்பாலில் பார்லித் தண்ணி கலந்து பார்க்கலாம்னு சொல்றாங்க."

"எம் பாலு புள்ளைக்கு ஆகாதுங்களா?"

"ஆகலையே. நான் என்ன செய்ய?"

துணியை என் மார்பைச் சுற்றி மூச்சு முட்ட இறுக்கிக் கட்டினாள். பேதி உப்பைக் குடிக்கக் கொடுத்தாள். இரண்டும் பாலை வற்றவைக்கும். அம்மா இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். என் பால் விஷம் என்று என்னிடம் சொல்கிறார்கள். அந்தப் பாலில் ஒரு சொட்டுகூடக் குழந்தை நாலு நாளாகக் குடிக்கவில்லை என்று தெரிந்தவள் பக்கத்தில் நிற்கிறாள். அவள் வாயைத் திறக்கவில்லை. துணியின் ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள்.

இரண்டு நாள் அப்படிக் கிடந்தேன். பால் கட்டி அக்குள்வரை வலித்தது. வலி நல்லது என்று நினைத்தேன். குழந்தைக்கு விஷம் கொடுத்தவளுக்கு வலிக்கட்டும் என்று நினைத்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் காலை, அம்மா குளிக்கப் போயிருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், "எம் புள்ளைக்கு எம் பாலே வெசமாப் போச்சு."

சின்னப்பொண்ணு எழுந்து உட்கார்ந்தாள்.

"உன் பாலை எப்பம்மா புள்ள குடிச்சுது? மரந்தானே குடிச்சுது."

"என்ன சொல்ற?"

"எனக்கு ஜன்னல் கட்டிலு. பாத்துனுதானே கிடக்கிறேன். உங்கம்மா அத்திமரத்தாண்ட ஊத்துது, கும்புடுது. அப்புறம் செம்புலேர்ந்து வேற பால ஊத்திக்கினு போவுது. கேட்டதுக்கு வேண்டுதல்னுச்சு. மிச்சம் மீதியத்தான் ஊத்துதுன்னு நெனைச்சேன். உனக்குத் தெரியாதா?"

அப்போது அம்மா ஈரத்தலையோடு உள்ளே வந்தாள்.

"எம் பால என்ன பண்ணின?"

அவள் சின்னப்பொண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை.

"மரத்துக்கு ஊத்துனேன்."

"புள்ளைக்கு என்ன குடுத்த?"

"கழுதப் பாலு. நல்ல பாலு சாமி. நீயே கொழந்தையில குடிச்சிருக்கற. உனக்கு மாரு எரியுதுன்னு நீதானே சொன்ன? காஞ்சு போச்சுன்னா நாளைக்குப் பொறக்கற புள்ளைக்குப் பாலுக்கு எங்க போவ? இது பொழைக்குமோ பொழைக்காதோ. உன்னயப் பாப்பனா, இதப் பாப்பனா? நாம் பெத்தது உன்னயத்தானே."

நான் அவளை அடிக்கவில்லை. அடிக்கக் கை எழவில்லை. மார்புக் கட்டு கையைப் பிடித்திருந்தது. எழுந்தேன். பத்து நாளைக்குப் பிறகு முதல் தடவையாக முற்றத்தில் நடந்தேன். இரண்டு இடத்தில் விழுந்தேன். குழந்தைகள் அறைக்குள் போனபோது எஸ்தர் சட்டம் பேச வாயெடுத்தாள். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கழுதைப்பாலில் கொழுப்பே கிடையாதே," என்றாள். "வெறும் தண்ணிதானே. குறைமாசக் குடல் தாங்குமா?"

"நீங்க ஏனுங்க எம் பாலைச் சுடவெச்சீங்க?"

"உன் காய்ச்சல் கிருமி பால்ல போயிடக் கூடாதுன்னுதான். சூடு பட்டா கிருமி சாகும். உனக்கு ஒண்ணும் ஆகாது."

"இதை எங்கம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே. கேட்டாளே. ஒரு வார்த்தை கேட்டாளே."

எஸ்தர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள். "கேட்டா. நான் விரட்டினேன். பட்டிக்காட்டுப் பொம்பளைக்கு என்ன விளங்கப்போவுதுன்னு நினைச்சேன்."

சொல்லியிருந்தால் அம்மா நம்பியிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லவேயில்லை என்பது தெரியும்.

எஸ்தர் கத்தரிக்கோலால் என் கட்டை வெட்டினாள். டாக்டரம்மாவிடம் ஓடினாள். காய்ச்சல் இல்லாததால் உள்ளே இருக்க அனுமதி கிடைத்தது. பிறந்த பன்னிரண்டாம் நாள் என் குழந்தையை நான் தூக்கினேன். வயிறு உப்பியிருந்தது. மற்றதெல்லாம் எலும்பு. துணியை எடுத்துவிட்டு என் வெறும் நெஞ்சின்மேல் படுக்கவைத்து ஒரு சேலைத் துண்டால் சேர்த்துக் கட்டினாள் எஸ்தர். தாயின் உடம்புச் சூடு புட்டிச் சூட்டைவிட நல்லது, பிள்ளை மேலே கிடந்தால் பாலும் இறங்கும் என்றாள். அப்படியே ஒற்றடம் கொடுத்தாள், பிழிந்தாள், நானும் பிழிந்தேன். அரைமணிக்கு ஒரு தடவை. முதல் நாள் முழுவதும் சேர்த்து பால் புகட்டும் பாலாடையின் அடி மட்டும் நனைந்தது. கட்டும் உப்பும் தங்கள் வேலையைச் செய்துவிட்டிருந்தன. இரண்டாம் நாள் பாலாடையில் கால்வாசி. அதைக் குழாயால் நாக்கில் விட்டபோது விழுங்கினாள். ஒரு தடவை என் காம்பை வாயில் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். சப்பத் தெரியாத குழந்தை. இரண்டு இழுப்பு. பிறகு விட்டுவிட்டாள்.

பதினாலாம் நாள் காலை என் நெஞ்சின்மேலேயே மூச்சு விட்டுவிட்டு வந்தது. எஸ்தர் உள்ளங்காலைச் சுண்டினாள். திரும்ப வந்தது. மறுபடி சுண்டினாள். வந்தது. மறுபடி சுண்டினாள். வரவில்லை.

அண்ணன் ஆளனுப்பி என் வீட்டுக்காரர் வந்து சேரப் பிற்பகல் ஆகிவிட்டது. தான் கொண்டுவந்த புதுத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பெயர் வைக்காத பிள்ளைக்குச் சடங்கு கிடையாது. ஆற்றோரம் எங்கே புதைத்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் எனக்குப் பால் வந்தது. கைபடாமலே வந்தது. ரவிக்கை நனைந்து, பாய் நனைந்தது. எஸ்தர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா பார்த்தாள். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையையும் சேர்த்து ஜன்னல் வழியாக அத்திமரத்தைக் கும்பிட்டாள்.

"பாத்தியா சாமி. மரத்துக்கு ஊத்துனது வீண் போவல. மாரு பொழச்சுக்கிச்சு."

சந்தோஷமாகச் சொன்னாள். நான் இதைக் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

குழந்தைகள் அறையில் மோகனூர்க்காரி ஒருத்தியின் பிள்ளை இருந்தது. அதுவும் குறைமாசம். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்தார்கள், அந்தப் பெண் நினைவில்லாமல் கிடந்தாள். பார்லித் தண்ணீர்தான் அதற்கும். மறுநாள் காலை நான் எஸ்தரிடம் போனேன்.

"தம்ளர் குடுங்க."

"நான் உன்னைக் கேட்கமாட்டேம்மா. கேட்க எனக்கு வாயில்லை."

"நீங்க கேக்கலீங்க. நானாத் தாரேன். சுடவெப்பீங்களா?"

"இன்னொருத்தி பிள்ளைக்குன்னா கட்டாயம் சுடவைக்கணும்."

"வெய்யுங்க. எங்கம்மா பாக்கறாப்புல வெய்யுங்க."

பால் எடுத்தேன். அம்மாவின் கையைப் பிடித்து முற்றத்தின் வழியாக இழுத்துக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தினேன். சட்டி கொதித்தது. தம்ளர் உள்ளே போனது. அம்மா முந்தானையால் முகத்தை மூடினாள். அந்த முந்தானையை நான் கீழே இழுத்தேன்.

"நாளைக்கு வத்திரும் பாரு," என்றாள். "சொன்னாக் கேக்கமாட்ட நீ."

நாளைக்கு வற்றவில்லை. ஒரு நாளைக்கு ஆறு தடவை. ஆறு தடவையும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப்பொண்ணு, "விட்டுடும்மா, வயசானது," என்றாள். "உன் வேலையப் பாரு," என்றேன். மூன்றாம் நாள் அம்மா பேசுவதை நிறுத்தினாள். தம்ளரில் பால் எவ்வளவு என்று குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். நாலாம் நாள் தம்ளர் நிறைந்து வழிந்தது. நெருப்பில் பட்டுப் பட்டும் பால் அதிகமாகியிருந்தது அவள் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மோகனூர்ப் பிள்ளை ஒரு அவுன்ஸ் ஏறியிருப்பதாக எஸ்தர் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

ஐந்தாம் நாள் காலை முதல் மணி அடித்து, பால் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது அம்மா முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டாள்.

"அப்ப எங்க சின்னக்காளுக்கு..."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"அப்ப நாந்தான்..."

"ஆமா," என்றேன்.

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையிலிருந்த மண்ணைத் தட்டினாள், மறுபடி தட்டினாள். வெயில் ஏறும்வரை அப்படியே இருந்தாள். நான் கொட்டகைக்கு வந்து படுத்துக்கொண்டேன். பெற்றவளை அப்படி விட்டுவந்தது பாவம் என்று பிற்பாடு பலபேர் சொன்னார்கள். இருக்கட்டும்.

அடுத்த மணி அடித்தது. பால் எடுத்தேன். அம்மா வாசல்படி வரை வந்து நின்றாள்.

"போதும் சாமி. எனக்குத் தெரிஞ்சு போச்சு. இனி என்னயக் கூப்புடாத."

"இன்னிக்கு இன்னும் அஞ்சு நேரம் இருக்குது," என்றேன். "நாளைக்கு ஆறு."

"எத்தன நாளைக்கு?"

"அந்தப் புள்ள ஊட்டுக்குப் போற வரைக்கும்."

இந்தத் தடவை தம்ளரை அவள் கையிலேயே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சிந்தாமல், முற்றத்தில் நடந்தாள். மரத்தின் பக்கம் திரும்பவில்லை. ஜன்னலில் கொடுத்துவிட்டு, அது சட்டிக்குள் போய், சூடேறி, வெளியே வந்து, குழாயில் ஏறி, கடைசிச் சொட்டு அந்தப் பிள்ளையின் வாய்க்குள் போகும்வரை நின்று பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.